மயிரிழை குறைய

சட்பரியில் மாசி மாதம்.
உறைந்த ஏரியின் மேல் கமரா.
சைபருக்குக் கீழே இருபத்து நாலு பாகை.
நொடிக்கு இருபத்து நாலு பிரேம் என்று
பேச்சுக்குச் சொல்கிறோம்,
உண்மையில் ஒரு மயிரிழை குறைய.
அந்த மயிரிழையில்தான் பிழைப்பு.

காலை ஆறரைக்கு
சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
வாகீசனின் ஒலி வண்டிலடிக்குப் போவேன்.
அவன் ஒரு கேபிளை நீட்டுவான்.
நான் வாங்கிச் செருகுவேன்.
அவனுடைய நேரம்
என் பலகைக்குள் சிவப்பாக ஏறும்:
மணி, நிமிடம், நொடி,
கண்ணுக்குப் பிடிபடாமல் ஓடுகிற
கடைசி இரண்டு இலக்கம்.
"சரியா?"
"சரி."
கழற்றிக் கொடுப்பேன்.

நாலு வருடக் கலியாணம்.
மார்க்கம் வீட்டுத் திறப்பை
ஆவணியில் தபாலில் அனுப்பினேன்.
படம் சின்னது, வேறு ஆள் கிடைக்கவில்லை
என்றார்கள் அவனிடம்.
என்னிடமும் அதையே.
இப்போது எங்கள் முழுப் பேச்சும் இவ்வளவுதான்,
காலையில் ஒருக்கால்,
சாப்பாட்டுக்குப் பிறகு ஒருக்கால்.

ஏன் இரண்டு தரம் என்று
புதுப் பெடியன் எலியட் கேட்டான்,
வாய் நிறையப் பாணோடு.
சொன்னேன்:
இரண்டும் நல்ல மணிக்கூடுதான்.
ஒன்றிலும் பிழை இல்லை.
குளிரில் நின்றது கொஞ்சம் பிந்தும்,
கூடாரத்துக்குள் இருந்தது கொஞ்சம் முந்தும்.
மத்தியானத்துக்குள் ஒரு பிரேம்,
விட்டால் பின்னேரம் இரண்டு.
இங்கே ஒருவருக்கும் தெரியாது.
பிறகு பெரிய திரையில்
உதடு மூடின பிறகு
சொல் வந்து சேரும்.

எலியட் தலையாட்டினான்.
வாகீசன் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை.
மைக் திறந்துதான் கிடந்தது.

காட்சி நாற்பத்தொன்று.
மீன்பிடிக் குடிசைக்கு வெளியே நின்று
பூட்டிய கதவோடு ஒருத்தி பேச வேண்டும்.
முன்னால் அடிக்காதே என்றாள் இயக்குநர் ஜோசே,
அவளைக் கலைக்க வேண்டாம்,
முடிவில் அடி.
ஆகவே பனிக்குள் குந்தியிருந்தேன்,
சிலேட் மடியில், தலைகீழாக.
நடிகை பேசினாள்.
நிறுத்தினாள்.
கதவு பேசவில்லை.
ஏரிக்கு அடியில் எங்கேயோ
பனிக்கட்டி நீளமாக வெடித்தது,
கரையிலிருந்து கரைக்கு ஒரு முறுமுறுப்பு.
எழுதி வைத்தாலும் கிடைக்காத சத்தம்.
ஒருவரும் அசையவில்லை.

கை காட்டினார்கள். எழும்பி ஓடினேன்.
பலகையை நிமிர்த்திப் பார்த்தால்
இருட்டு.
பற்றரி செத்துவிட்டது.
மணி இல்லை, நிமிடம் இல்லை.
வெறும் இரண்டு கட்டை,
ஒரு பள்ளிக்கூடத்துச் சிலேட் மாதிரி.
மறுபடி தலைகீழாகப் பிடித்து
"நாற்பத்தொன்று, டேக் ஒன்று, கடைசிக் கட்டை"
என்று கத்தி அடித்தேன்.
தொப்பென்றது.

"கையுறை," என்றான் வாகீசன்.
"கையுறை இடையில் மாட்டிவிட்டது.
கழற்றிப்போட்டு அடி."
எண்ணிப் பார்த்தேன்,
ஐந்து சொல்.
ஆறு மாதத்தில் அதிகம்.

வெறுங்கையால் அடித்தேன்.
சத்தம் ஏரியைக் கடந்து போய்
அக்கரைப் பாறையில் பட்டுத் திரும்பியது,
ஒரு பன்னிரண்டு பிரேம் பிந்தி.
அவன் முகம் சுளித்தான். பிறகு
"கேட்டது," என்றான்.
தன் உள்சட்டைப் பையிலிருந்து
இரண்டு பற்றரி எடுத்து நீட்டினான்.
இளஞ்சூடாக இருந்தன.
கேபிளையும் நீட்டினான்,
சாப்பாட்டு நேரம் இன்னும் வரவில்லை.

"சரியா?"

சிவப்பு இலக்கங்கள் ஓடத் தொடங்கின.
விரல் மரத்துப்போய்
முனையைச் செருகி எடுக்கக் கொஞ்சம் நேரமானது.
அவன் அவசரப்படுத்தவில்லை.

இரவு மோட்டலில்
எடிட்டருக்கான அறிக்கையில் எழுதினேன்:
41, டேக் 1. கடைசிக் கட்டை.
இரண்டு தரம் அடித்தது,
இரண்டாவதை எடுக்கவும்.
நேர எண் இல்லை.
காதால் பொருத்திக்கொள்ளவும்.